வர வர மடியும் இழை

ஆவுடைநாயகியின் ப்ரோக்ராம் கொசுவம் அதுவரை தோற்றதில்லை. ஏழு வருடத்தில் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் இழைகளைக் கொடுத்து, 'இது எப்படி மடியும், சொல்லு' என்று கேட்டிருந்தார்கள். அது சொன்னபடிதான் அத்தனையும் மடிந்தன. உலகப் போட்டியில் மூன்று வருடம் தொடர்ந்து முதலிடம். ஜெயித்தது எந்த ஊர் என்று அறிவிக்க வந்தவர்கள் 'பாளையங்கோட்டை' என்பதை வாசிக்க முடியாமல் திண்டாடிப் போனார்கள். அதைப் பார்த்து ஆவுடைநாயகிக்கு வந்த சிரிப்பில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

ஆர்.என்.ஏ. என்பது ஏ, யு, ஜி, சி என்று நான்கே எழுத்துகளால் ஆன நீள இழை. ஏ-வுக்கு யு-வைப் பிடிக்கும், ஜி-க்கு சி-யைப் பிடிக்கும். பிடித்ததைக் கண்டால் இழை தன்மேலேயே வளைந்து போய் ஒட்டிக்கொள்ளும். முந்நூறு எழுத்துள்ள இழை எத்தனை விதமாக மடியலாம் என்று எண்ண உட்கார்ந்தால் ஆயுள் போதாது. கொசுவம் எண்ணாது. முதலில் ஐந்தாறு எழுத்துத் துண்டுகளுக்குச் சிறந்த மடிப்பைக் கண்டுபிடித்துக் கட்டங்களில் குறித்துக்கொள்ளும். அதை வைத்துப் பத்து எழுத்துக்குப் போகும், அங்கிருந்து இருபதுக்குப் போகும். கடைசியில் முழு இழையும் எந்த மடிப்பில் ஆகக் குறைந்த சக்தியோடு, அலட்டிக்கொள்ளாமல் உட்காருமோ அதைச் சொல்லிவிடும். முடிச்சின்மேல் முடிச்சு விழும் இழைகளில் மற்ற ப்ரோக்ராம்கள் திணறும். கொசுவம் திணறாது. அந்தப் பகுதியை ஆவுடை தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இவளுடைய குஞ்சு உண்மையிலேயே பொன்னாக இருந்ததுதான் சிக்கல்.

அந்தப் பொன்குஞ்சை நம்பித்தான் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டாம் வருடம் தைப் பொங்கல் கழிந்து, தன் அண்ணன் சங்கரபாண்டியை முதல் ஆளாக ஊசிக்கு உட்கார வைத்தாள்.

நோய் அவர்கள் வீட்டுச் சொத்து. ஈரல் ஒரு புரதத்தைக் கோணலாகச் செய்யும். அது நரம்பில் போய்ப் படியும். நாற்பது வயதுக்குமேல் விரல் நுனி மரத்துப்போகும், பிறகு கை, பிறகு கால். அப்பாவுக்கு வந்தது, கொண்டுபோய்விட்டது. ஆவுடைக்கு இல்லை என்று பரிசோதனை சொன்னது. அண்ணனுக்கு இருந்தது. அண்ணனின் பிழைப்போ விரலில் இருந்தது. வண்ணார்பேட்டையில் அவனும் அவன் மனைவி முப்பிடாதியும் சேலை மடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார்கள். கல்யாணப் பெண்ணுக்குக் கட்டத் தயாராக, முந்தானை மடிப்பும் கொசுவமும் வைத்துத் தேய்த்துப் பெட்டியில் அடுக்கித் தருவது அவர்கள் வேலை. மதினி மடிப்பாள், அண்ணன் தேய்ப்பான். ப்ரோக்ராமுக்குக் கொசுவம் என்று பேர் வைத்ததும் அந்தக் கடையை நினைத்துத்தான்.

ஊசி ஒரே ஒரு தடவை. ஈரலுக்குள் ஒரு சின்ன அச்சகத்தைக் கொண்டுபோய் வைத்துவிடும். அது ஆயுசு முழுவதும் ஓர் ஆர்.என்.ஏ. இழையை அச்சடித்துக்கொண்டே இருக்கும். இழை சரியாக மடிந்தால் கத்தரி மாதிரி வேலை செய்யும், கோணல் புரதத்துக்கான கட்டளையைத் தேடிப்போய் நறுக்கிவிடும். மடியாவிட்டால் அது வெறும் நூல். எனவே எல்லாமே மடிப்பில்தான் இருந்தது, மடிப்புக்குக் கொசுவம் பொறுப்பு, கொசுவத்துக்கு ஆவுடை பொறுப்பு.

அண்ணன் கடைக்கு வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னான். "எந் தங்கச்சி எழுதுன மருந்து. உலகத்துலயே மொத ஊசி எனக்குத்தான்."

ஏழு மாதம் கழிந்தது. ரத்தத்தில் கோணல் புரதம் எண்பது சதவீதம் குறைந்திருக்க வேண்டும். அண்ணனுக்கு ஒன்பது சதவீதம்தான் குறைந்திருந்தது. ஊசி போட்டுக்கொண்ட ஒன்பது பேருக்கும் அதே கதை.

"டோஸ் பத்தல," என்றார் டாக்டர் ஜோயல் தேவசகாயம். பொருநை ஆய்வகத்தின் தலைவர். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து அனுமதிக் குழு வருகிறது. கிடைத்தால் தென்மாவட்டத்தில் நாலாயிரம் குடும்பங்களுக்கு ஊசி. "இழை சரியா மடியுதுன்னு சோதனைக் குழாய்ல பாத்தாச்சு. நூத்துக்கு நூறு. அப்ப அளவுதான கொறச்சல்? அடுத்த ஆளுகளுக்குக் கூட்டிருவோம்."

"இந்த ஒம்பது பேருக்கு, சார்?"

அவர் அடுத்த காகிதத்தைப் புரட்டினார். அச்சகத்தைச் சுமந்து போகும் வண்டியை உடம்பு ஒரு முறைதான் உள்ளே விடும். இரண்டாம் முறை அடையாளம் கண்டு அடித்து விரட்டிவிடும். இது இரண்டு பேருக்குமே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆவுடை கடைக்குப் போனாள். ஆவணி முகூர்த்தம் நெருங்கியிருந்ததால் கடையில் கால் வைக்க இடமில்லை, எங்கும் பட்டுச்சேலைப் பெட்டிகள். அவளைப் பார்த்ததும் அண்ணன் முகமெல்லாம் பல்லாக, இஸ்திரிப் பெட்டியில் வைத்த கையை எடுக்காமலே வாடிக்கையாளர் ஒருவரிடம், "இவதான், நான் சொன்னேன்லா," என்றான். ஆவுடைக்கு முதலில் வாடைதான் தெரிந்தது. பட்டு கருகும் வாடை இல்லை, வேறு ஏதோ.

"ஏய்யா! கை! கையப் பாருங்க!" என்று மதினி அலறினாள்.

அவனுடைய இடதுகைப் பெருவிரல் இஸ்திரிப் பெட்டியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து அதை யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு மெதுவாக எடுத்துக்கொண்டு, வாடிக்கையாளரைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "ஊசி கொஞ்சம் கொஞ்சமாத்தான் கேக்கும்," என்றான். தங்கைக்கு முன்னால் தங்கையை விட்டுக்கொடுக்காமல் பேசினான். ஆவுடைக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிக்கொள்ளாதா என்று இருந்தது.

மதினி மருந்து போட்டுக் கட்டி அவனை உள்ளே அனுப்பிவிட்டு வந்தாள். ஆவுடையைப் பார்த்து அவள் ஒரு வார்த்தையும் குறையாகச் சொல்லவில்லை. பாதியில் விட்ட சேலையை எடுத்துக்கொண்டாள். வாடாமல்லி நிறப் பட்டு. முந்தானையை விரல் அகலத்துக்கு மடித்து மடித்து வந்து, ஒரு கிளிப்பைப் பல்லால் கடித்துத் திறந்து மாட்டினாள். தேய்க்கவில்லை. இடுப்புப் பக்கம் போய் அங்கே மடிக்கத் தொடங்கினாள்.

கைவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அழுகை வராது என்று ஆவுடை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏட்டி, மருந்து கேக்கலதான?" என்றாள் மதினி, தலை நிமிராமல்.

"கேக்கல மதினி."

"என்ன கோளாறுன்னு தெரிஞ்சுதா?"

"தெரியல. இழை எப்பிடி மடியணும்னு நான் சொன்னேனோ அப்பிடியே மடியுது. குழாய்ல போட்டுப் பாத்தாச்சு. ஆனா அண்ணன் ஒடம்புக்குள்ள போயி வேல செய்ய மாட்டேங்குது."

"அந்த இழை எம்புட்டு நீளம் இருக்கும்?"

"முந்நூத்திச் சொச்சம் எழுத்து. அது பாட்டுக்கு வளைஞ்சு, தனக்குத் தோதான எழுத்தப் பாத்து ஒட்டிக்கிடும். எல்லாத்தையும்விட நல்ல மடிப்பு எதுன்னு என் ப்ரோக்ராம் கண்டுபிடிக்கும்."

மதினி கையை நிறுத்தினாள். "சரி, எனக்கு ஒண்ணு சொல்லு. முழுச் சேலையையும் விரிச்சுப் போட்டுட்டு அப்புறமா மடியுதா? இல்ல, தறியிலேர்ந்து வர வர மடிஞ்சுக்கிடுதா?"

"என்ன மதினி?"

"இல்லட்டி, அண்ணன் ஒடம்புக்குள்ள அச்சடிக்குதுன்னு சொன்னேல்லா. அச்சடிச்சா ஒரு முனைதான மொதல்ல வெளிய வரும்? மறுமுனை வார வரைக்கும் இந்த முனை கையக் கட்டிட்டு நிக்குமா? இந்தா பாரு." கிளிப்பைத் தட்டிக் காட்டினாள். "இந்த முந்தானையோட சேர வேண்டிய மடிப்பு அந்தக் கோடியில இருக்கு. நான் இடுப்பு மடிப்ப முடிச்சுட்டு அங்கன போறதுக்குள்ள, இது பக்கத்துல எது கெடக்கோ அதோட சேந்து மடிஞ்சுக்கிடும். பட்டுல ஒருக்க தப்பா மடிப்பு விழுந்துட்டா எடுக்கது லேசுப்பட்ட காரியமா? அதுக்குத்தான் கிளிப்பு மாட்டுதது. அந்தக் கோடி வந்து சேந்ததும் உருவிடுவேன்."

ஆவுடைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொசுவம் முழு இழையையும் ஒரே பார்வையில் பார்க்கும். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அதற்கு ஒரே நேரத்தில் கண்முன் இருக்கும். ஈரலுக்குள் அப்படி இல்லை. நாற்பதாவது எழுத்து வெளியே வந்து நிற்கும்போது இருநூற்று எண்பதாவது எழுத்து பிறக்கவே இல்லை. வராதவனுக்காக எந்த எழுத்து காத்திருக்கும்? எழுபதாவது எழுத்து பக்கத்தில் வந்தால் அதையே பிடித்துக்கொள்ளும். அதுவும் மடிப்புதான், சுமாரான மடிப்பு. ஒருமுறை விழுந்தால் அவிழாது.

"அப்ப குழாய்ல மட்டும் எப்பிடிச் சரியா மடிஞ்சுது?" என்று தன்னையே கேட்டாள்.

"எனக்கு என்ன தெரியும்? நாங்க தப்பா விழுந்த மடிப்ப எடுக்கணும்னா ஆவி காட்டுவோம்," என்றாள் மதினி.

ஆவுடை எழுந்தவள் காபியைக்கூடக் குடிக்காமல் வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாகப் பானுவிடம் போனாள். மேலப்பாளையத்துப் பானு ஆய்வகத்தில் பன்னிரண்டு வருடமாகக் குழாய்களைப் பார்த்துக்கொள்பவள். எந்த இழை வந்தாலும் அவள் முதலில் செய்வது ஒன்று உண்டு. தொண்ணூற்றைந்து டிகிரிக்குச் சூடாக்கி, எல்லா மடிப்பும் அவிழ்ந்ததும் மெதுவாக ஆறவைப்பாள். இழைக்குத் தலைமுழுக்கு என்று சொல்வார்கள். உலகத்தில் எல்லா ஆய்வகத்திலும் இதுதான் வழக்கம். வழக்கம் என்பதால் யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

"பானு, இந்தத் தடவ சூடு வேண்டாம். அச்சடிக்க அச்சடிக்க, அப்பிடியே எடுத்துப் பாரு."

"தலைமுழுக்கு இல்லாமயா மேடம்? குளிக்காம பள்ளிக்கூடம் அனுப்புத மாதிரில்லா இருக்கு!"

"அண்ணன் ஒடம்புல யாரு வெந்நீர் வைக்கா?"

பானு சிரிக்கப் போனவள், ஆவுடையின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். மத்தியானம் முடிவு வந்தது. நூறு இழைகளில் சரியாக மடிந்தவை ஒன்பது. அண்ணனுக்குக் குறைந்த அதே ஒன்பது. பானு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "பன்னெண்டு வருசமா எங்கையாலதான் சூடு போட்டேன் மேடம்," என்று மட்டும் சொன்னாள்.

ஜோயல் சார் தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்மா. அனுமதிய வாங்கிருவோம். அப்புறம் திருத்திக்கிடலாம்."

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க முடியுமா சார்?"

"மறைக்கச் சொல்லல. தள்ளிப் போடச் சொல்லுதேன். ஒன் ப்ரோக்ராம் தப்புன்னு நீயே போய் மேடையில சொல்லப் போறியா? ஏழு வருசம் ஒழைச்ச ஒழைப்பும்மா."

அந்த இடத்தில்தான் ஆவுடைக்கு உண்மையாகவே வலித்தது. வெள்ளிக்கிழமை மட்டும் வாயை மூடிக்கொண்டால் கொசுவம் தோற்றதே இல்லை என்ற பேச்சு நிலைக்கும். அந்த ஆசை அவளுக்கு இருந்தது. இல்லை என்று சொல்வது பொய்.

"ப்ரோக்ராம் தப்பில்ல சார்," என்றாள். "நான் கேட்ட கேள்விக்கு அது சரியாத்தான் பதில் சொல்லிருக்கு. 'கடைசில எப்பிடி இருந்தா நல்லது'ன்னு கேட்டேன். 'போற வழியில எங்க மாட்டிக்கிடும்'னு நான் கேக்கவே இல்ல. கேக்காம வுட்டது நான். அத நானே சொன்னாத்தான் எனக்கு மரியாத."

வெள்ளிக்கிழமை சொன்னாள். குழு அனுமதியைத் தள்ளிவைத்தது. வெளியே வராந்தாவில் காத்திருந்த குடும்பங்கள் அவளை மாலை போட்டு வரவேற்கவில்லை. கயத்தாற்றுக்காரர் ஒருவர், கைத்தடியை ஊன்றிக்கொண்டு, "நீங்க உண்மையச் சொன்னது சரிதாம்மா, எங் காலு அதுவரைக்கும் தாங்கணும்லா," என்றார்.

பிறகு பதினோரு வாரம். கொசுவத்துக்குள் அவள் ஒரு கடிகாரத்தை வைத்தாள். முழு இழையையும் காட்டாமல், ஒவ்வோர் எழுத்தாகப் பிறக்கவிட்டு, ஒவ்வொரு கணமும் அது எங்கே போய் ஒட்டும், ஒட்டியது எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கும் என்று கேட்டாள். புதிதாக ஊசி போடுபவர்களுக்கு வழி சுலபமாகவே கிடைத்தது. முன்பகுதியில் நாலு எழுத்தை மாற்றினால் தப்பான மடிப்பு விழவே விழாது. எந்த இழை நன்றாக மடியும் என்று பழைய கொசுவம் போட்டிருந்த பட்டியலில் அந்த இழைக்கு நானூற்றுப் பன்னிரண்டாவது இடம். அந்த எண்ணைப் பார்த்து ஆவுடை வாய்விட்டுச் சிரித்தாள். முதலிடத்தை மட்டுமே பார்த்துப் பழகியவளுக்கு அது தேவையான சிரிப்பு.

ஆனால் அந்த ஒன்பது பேரின் ஈரலுக்குள் பழைய அச்சகம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தவும் முடியாது, மாற்றவும் முடியாது. அவர்களுக்கு மதினியின் கிளிப்புதான் வழி. இருபத்திரண்டு எழுத்தில் ஒரு குட்டி இழை, மாதம் ஒருமுறை சாதாரண ஊசியாகப் போடலாம். அச்சகத்திலிருந்து இழையின் முன்முனை வந்ததும் குட்டி அதைப் பிடித்து, கண்டதோடு சேராமல் வைத்துக்கொள்ளும். கடைசி முனை வந்ததும், அதன் பிடி பலமானதால் குட்டியைத் தள்ளிவிட்டு, சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துகொள்ளும். குழாயில் பார்த்தார்கள், தலைமுழுக்கு இல்லாமல். நூற்றுக்கு எண்பத்துநாலு.

கிளிப் தயாரானபோது ஒன்பது பேர் எட்டுப் பேராகியிருந்தார்கள். கல்லிடைக்குறிச்சித் தபால்காரர் பிச்சுமணிக்குக் கோணல் புரதம் இதயத்திலும் படிந்து ஆளைக் கொண்டுபோய்விட்டது. ஆவுடை அவர் வீட்டுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். அவர் மனைவி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். அந்தத் தண்ணீரை அவள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

அனுமதி விண்ணப்பத்தில் 'கருத்தை வழங்கியவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'ச. முப்பிடாதி, சேலை மடிப்பவர், வண்ணார்பேட்டை' என்று எழுதினாள். தகுதி என்ற கட்டத்தில் 'இருபத்தொரு வருட அனுபவம்' என்று போட்டாள். ஜோயல் சார் பேனாவோடு கொஞ்ச நேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "படிப்பு எதுவும் போட வேண்டாமா?" என்றார். பிறகு அவரே, "வேண்டாம், இதான் படிப்பு," என்று கையெழுத்துப் போட்டார்.

மதினியிடம் அந்தத் தாளைக் காட்டினாள். மதினி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, தன் பேரின் மேல் ஒருமுறை விரலால் தடவினாள். கண் கலங்கியது தெரிந்தது. அதை மறைக்க, "எல்லாஞ் சரி, கடைப் பேரப் போடாம வுட்டுட்டியே. நாலு ஆளு வந்திருக்கும்லா," என்றாள்.

அனுமதி கிடைத்து, அண்ணனுக்கு மூன்றாவது கிளிப் ஊசி முடிந்தபோது அவன் ரத்தத்தில் கோணல் புரதம் எழுபத்தெட்டு சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, விரல் சொல்ல வேண்டும். விரல் ஒன்றும் சொல்லவில்லை. அவிந்த நரம்பு திரும்ப வருமா என்று எந்தப் புத்தகமும் உறுதி சொல்லவில்லை. அண்ணன் மட்டும் வழக்கம்போல், "எந் தங்கச்சி தப்பக் கண்டுபிடிச்ச மருந்து," என்று வருவோர் போவோரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தான். மதினி அவனுக்கு இரண்டு கையிலும் தடித்த உறை மாட்டிவிட்டிருந்தாள். உறையோடு தேய்த்தால் பட்டின் நெளிவு தெரியாது என்று புலம்பிக்கொண்டே தேய்த்தான்.

சித்திரை முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் ஆவுடை கடைக்குப் போயிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து அலறல் கேட்டது.

"ஏ ஆத்தா!"

பதறிக்கொண்டு ஓடினாள். அண்ணன் உறையைக் கழற்றி வீசியிருந்தான், மதினியின் கண்ணுக்குத் தெரியாமல் கழற்றியிருக்க வேண்டும். இடதுகைப் பெருவிரலை வாயில் வைத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர்.

"என்னண்ணே? என்னாச்சு?"

விரலை வாயிலிருந்து எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். நுனி சிவந்திருந்தது. "சுட்டுட்டு!" என்றான். "ஏட்டி ஆவுடை, சுட்டுட்டுட்டி! சுரீர்னு சுட்டுட்டு!"

பிறகு அவன், நம்பிக்கை வராதவனாக, மறுபடியும் விரலை இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"போதும்யா! ஒருக்கச் சுட்டது காணாதா?" என்று மதினி கையைத் தட்டிவிட்டாள். தட்டிவிட்ட கையாலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆவுடையும் அழுதாள். ஏழு வருடத்து முதலிடம் எதிலும் அவளுக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை.

சாயங்காலத்துக்குள் விரலில் கொப்புளம் எழும்பிவிட்டது. மருந்து போட்டுக் கட்ட அவன் சம்மதிக்கவில்லை. அந்த வாரம் சேலை வாங்க வந்த எல்லோருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், பெட்டியைக் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கொப்புளத்தைக் காட்டினான்.